மணலியில் வில் பயின்ற பாலுசுவாமி தீட்சிதர்

நமது பங்கின் ஜூபிலி மலருக்குக் கட்டுரைகள் வந்து சேர்ந்துகொண்டிருந்த வேளையில், பாடகர் குழுவைப் பற்றி நாமே ஏதேனும் எழுதித் தரவேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். இத்தகைய மலர்களில் பாடகர் குழுவினரின் பெயர்ப் பட்டியலும் ஒரு புகைப்படமும் வெளிவருவது வழக்கம். அவை வேறொரு பக்கத்தில் இடம்பெற்றுள்ளன. நாம் இங்கே எழுத விழைவது இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், நம் வள்ளூருக்குத் தெற்கே, கொசஸ்தலையாற்றுக்கு அப்பால் சில மைல் தொலைவிலுள்ள மணலியில் வளர்ந்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் பாலுசுவாமி தீட்சிதர். அவர் கிறிஸ்தவர் அல்லர். வேதம் ஓதிய அந்தணக் குடும்பத்தவர். பங்கு மலரில் இவருக்கு என்ன இடம் என்று யாரேனும் வினவினால், ஆலயத்தின் மேல்மாடத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் டபுள் பாஸைத்தான் நாம் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.

ஜூபிலி ஆண்டை முன்னிட்டு அன்பர் ஒருவர் வாங்கித் தந்த வாத்தியம் அது. ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும் அந்தப் பெரிய பெட்டியைக் கண்டதும் இளைஞர்களுக்கு ஏற்பட்ட உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. மூவர் கற்றுக்கொள்ள முன்வந்தனர். வந்த ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: பாட்டு இப்போது இல்லை, இடக்கை தந்தியைத் தொடவே கூடாது, வெறும் தந்தியில் வில்லை அடிமுதல் நுனிவரை மெதுவாக இழுக்க வேண்டும், மீண்டும் நுனியிலிருந்து அடிக்குத் தள்ள வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம். இரண்டாம் வாரத்தில் இருவர் நின்றுவிட்டனர். மூன்றாமவர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர். ஷிப்டு முடிந்து, சாம்பல் படிந்த சட்டையோடு வந்து நின்று, இழுத்துக்கொண்டே இருக்கிறார். அறைவீட்டில் இரவு உணவு கொள்ளும் நமக்கு அந்த ஒற்றை ஒலி நாள்தோறும் கேட்கிறது. முதலில் தகரத்தை இழுப்பதுபோல் இருந்தது; இப்போது சில நேரம் மட்டுமே அப்படி இருக்கிறது.

நின்றுவிட்ட இருவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. குருமடத்தில் பயின்ற நாளில், உயரமான மாணவன் என்ற ஒரே காரணத்துக்காக நம்மிடமும் டபுள் பாஸ் ஒப்படைக்கப்பட்டது. மூன்று மாதம் வெறும் தந்தியை இழுத்தோம். தோழர்கள் கேலி செய்தனர். நான்காம் மாதம் படிப்பைக் காரணம் காட்டி வில்லைப் பெட்டியில் வைத்தோம், பிறகு எடுக்கவில்லை. பாலுசுவாமி தீட்சிதரின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, அந்தப் பெட்டியின் மூடியை மூடிய மாலைப்பொழுதுதான் நம் நினைவுக்கு வந்தது.

வில் பார்வைக்கு எளிய பொருள். ஒரு குச்சி, அதன் இரு முனைக்கும் இடையே இழுத்துக் கட்டிய குதிரைமயிர், அம்மயிரில் தேய்ப்பதற்கு மரப்பிசினிலிருந்து செய்த ரோசின். ரோசின் பூசிய மயிர் தந்தியைப் பற்றிக்கொண்டு இழுக்கிறது. தந்தி ஓரளவு வளைந்து வந்து, பிடி நழுவித் திரும்புகிறது. மயிர் மறுபடியும் பற்றுகிறது. இப்படிப் பற்றுவதும் நழுவுவதும் வயலினின் மிகத் தாழ்ந்த தந்தியில் நொடிக்கு ஏறக்குறைய 196 முறை நிகழ்கின்றன. டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தியிலோ ஏறக்குறைய 41 முறைதான். தடித்த தந்தி சண்டி மாட்டைப் போன்றது. அவசரப்பட்டால் அசையாது, சீறும், அல்லது விசில் அடிக்கும். கையின் பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி, நிதானமாக இழுத்தால்தான் பேசும். வில் குதிரைக்கு மிக அருகே போனால் கரகரப்பு; விரற்பலகைப் பக்கம் நழுவினால் காற்று ஒலி. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. அடியில் கனக்கும் வில் நுனியில் இலேசாகிவிடுவதால், நுனியை நெருங்க நெருங்கக் கை கூடுதலாக அழுத்தம் தரவேண்டும். கேட்பவர் காதில் ஒலி மாறக்கூடாது. வில்லைத் திருப்பும் இடத்தில் துண்டு விழக்கூடாது. வெறும் தந்தியில் இதைப் பழகாதவர் விரல் வைத்தபின் பழகுவது அரிது. ஆசிரியர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

டபுள் பாஸ் வில்லைப் பிடிப்பதில் இரு முறைகள் உண்டு. வயலினைப்போல் மேலிருந்து பிடிப்பது பிரெஞ்சு முறை. ரம்பத்தைப் பிடிப்பதுபோல் கீழிருந்து உள்ளங்கையில் ஏந்துவது ஜெர்மன் முறை. எது மேல் என்ற வழக்கு ஐரோப்பாவில் இன்றும் தீரவில்லை. வெனிஸ் நகரில் 1763-இல் பிறந்து, 1794-இல் லண்டன் சென்று, 1846-இல் மறைந்த தோமெனிக்கோ திராகொனெத்தி என்னும் பெரும் டபுள் பாஸ் வித்துவான், உலகமெல்லாம் புதுவகை வில்லுக்கு மாறிய பின்னரும், வெளிப்புறம் வளைந்த பழைய வில்லையே கீழ்ப்பிடியில் பிடித்து வந்தார். அவருடைய ஆயுட்காலத்துக்குள்ளேயே, கடலுக்கு இப்பால், மணலியில் ஓர் இளைஞர் முதன்முதலாக வயலின் வில்லைக் கையில் எடுத்தார்.

திருவாரூர் இராமசாமி தீட்சிதர் (1735–1817) பெரிய சங்கீத வித்துவான். இன்று கச்சேரி தொடங்கும்போது அடிக்கடி ஒலிக்கும் ஹம்சத்வனி இராகம் அவர் கண்டளித்தது என்பர். மணலி ஜமீன்தாரும் கும்பெனியாரின் துபாஷியுமான முத்துகிருஷ்ண முதலியார் திருவாரூருக்கு வந்திருந்தபோது தீட்சிதரின் பாட்டைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்தார். முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்று ஊரார் அழைத்தவர், அதே அன்போடு ஆதரித்தார். இப்படியாகத்தான் தஞ்சைத் தரணியின் சங்கீதம் நம் வடசென்னைக்கு வந்து குடியேறியது. மணலி என்றதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியும் டாங்கர் லாரிகளின் வரிசையும் மட்டுமே நினைவுக்கு வரும் நமக்கு, இதை நம்புவது கொஞ்சம் கடினந்தான்.

தீட்சிதருக்கு மூன்று ஆண்மக்கள். மூத்தவர், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்படும் முத்துசுவாமி தீட்சிதர். அடுத்தவர் சின்னசுவாமி. இளையவர் 1786-இல் பிறந்த பாலுசுவாமி. மூத்தவரைச் சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலியிலிருந்து காசிக்கு அழைத்துச் சென்றார். அங்குச் சில ஆண்டுகள் தங்கி வடநாட்டுச் சங்கீதத்தையும் அறிந்து திரும்பினார். சின்னசுவாமி கண்பார்வைக் குறையால் துன்புற்றவர். பாலுசுவாமியோ கைக்கு எட்டிய வாத்தியத்தையெல்லாம் வாசித்துப் பார்க்கும் இயல்புடையவர். வீணை, சிதார், சுவரபத், மிருதங்கம் ஆகியன அவருக்குக் கைவந்தன.

முதலியார் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போக்குவரத்து உள்ளவர். அங்குப் பட்டாளத்து பாண்டு வாசிப்பதைக் கேட்க அவர் தீட்சிதர் குடும்பத்தாரை அழைத்துச் செல்வதுண்டு. வெள்ளைக்காரர் தாடையில் அணைத்து வாசித்த பிடில் பாலுசுவாமியின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. இதை அறிந்த சின்னையா முதலியார், ஐரோப்பியர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, மூன்று ஆண்டுகள் அவருக்கு வயலின் கற்பிக்கச் செய்தார். கற்பித்தவரின் பெயரை இக்கதையைச் சொல்பவர்கள் சொல்வதில்லை. ஊர் திரும்பினாரோ, இங்கேயே மண்ணுக்குள் போனாரோ, நம் நாட்டுச் சங்கீதக் கச்சேரிகளில் இன்று வயலின் ஒலிக்கும் போதெல்லாம் அந்தப் பெயரற்ற மனிதருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

மூன்று ஆண்டுகள் என்பதை வாசகர் வேகமாகப் படித்துக் கடந்துவிடக்கூடாது. பாலுசுவாமி ஒன்றுமறியாச் சிறுவராக அந்த ஆசிரியர் முன் உட்காரவில்லை. இராமசாமி தீட்சிதரின் மகன், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி, வீணையில் தேர்ந்தவர். இராகங்களின் நெளிவு சுளிவெல்லாம் மனத்தில் உள்ளவர். அப்படிப்பட்டவர், மனத்தில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கையும் கையால் சொல்ல முடியாமல், தொடக்கப் பிள்ளையைப்போல் வில்லை இழுக்க வேண்டியிருந்தது. அறிந்தவனுக்கு அறியாதவனாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதை, நடுவயதில் புது மொழி கற்கப் புகுந்தவர்கள் அறிவார்கள்.

வீணைக்காரருக்கு இதில் தனித் தொல்லையும் உண்டு, தனி ஆதாயமும் உண்டு. வீணைத் தந்தியை மீட்டினால் பிறக்கும் ஒலி அந்தக் கணமே தேயத் தொடங்குகிறது. எனவே வலக்கை ஒருமுறை தட்டிவிட்டால், மிச்ச வேலை இடக்கையுடையது. வில்லில் ஒலி தேய்வதில்லை. கை நகரும் மட்டும் அது உயிரோடிருக்கும். கை நடுங்கினால் அதுவும் நடுங்கும்; கை தயங்கினால் அதுவும் தயங்கும். வலக்கையின் பிழையை இடக்கை மறைக்க வழியே இல்லை. ஆனால் அந்த அறாத ஒலிதான் மனிதக் குரலுக்கு மிக அருகில் நிற்கிறது. வீணையில் மெட்டுகள் உண்டு, வயலினில் இல்லை. ஆகவே ஒரே வில்லிழுப்பில், விரலைத் தந்திமேல் வழுக்கி, ஒரு சுவரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியின்றிப் போகலாம். கமகமே உயிராகிய நம் சங்கீதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாண்டில் துள்ளல் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்த பெட்டிக்குள் பைரவியும் தோடியும் பாடக்கூடிய தொண்டை இருப்பதைக் கண்டுகொண்டதே பாலுசுவாமியின் பேறு என்று நாம் கருதுகிறோம்.

நம் வித்துவான்கள் இந்த வாத்தியத்தைக் காலப்போக்கில் தம் வசப்படுத்தினர். ஐரோப்பியர் நான்கு தந்திகளையும் ஐந்தைந்து சுவர இடைவெளியில் சுருதி கூட்டுவர். நம்மவர் அதை ஸ, ப, ஸ, ப என்று மாற்றிக்கொண்டனர். நின்று தாடையில் தாங்குவதை விட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தனர். வாத்தியத்தின் தலையை வலக்காலின் கணுக்காலருகே ஊன்றி, மறுமுனையை இடப்பக்க மார்பில் சாய்த்தனர். வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பு நீங்கியதால் இடக்கை ஏறவும் இறங்கவும் சுதந்திரம் பெற்றது. வில்லிடும் முறையும் மாறியது. பாட்டின் சொல் எங்கே பிரிகிறதோ அங்கே வில் திரும்பும். ஆலாபனைக்கு நீண்ட வில், தானத்துக்குச் சிறு வெட்டுகள். ஆனால் வில்லின் அடிப்படைப் பாடம், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இழுக்கும் அந்தப் பாடம், கோட்டையிலிருந்து வந்தது வந்தபடியே இருக்கிறது.

கோட்டையில் கேட்ட பாண்டு மூத்தவரையும் சும்மா விடவில்லை. முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கில மெட்டுகள் பலவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள். நோட்டுசுவர சாகித்தியங்கள் என்று பெயர். ஐரோப்பியரின் மேஜர் ஸ்கேலும் நம் சங்கராபரணமும் ஒரே சுவர வரிசையாதலால் எல்லாம் சங்கராபரணத்தில் அமைந்தன. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றில் ஒன்று. வாழ்த்து அரசருக்குப் பதிலாக அம்பிகைக்குப் போய்விட்டது. கும்பெனியார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வயலினை முதன்முதல் நம் சங்கீதத்தில் புகுத்தியவர் யார் என்பதில் வேறு பெயர்களையும் சொல்வார்கள். தஞ்சையில் சரபோஜி மன்னரின் அரண்மனையைச் சேர்ந்த வராகப்பய்யர் ஒருவர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கரும் தஞ்சை நால்வரில் இளையவருமான வடிவேலு இன்னொருவர்; அவருக்குத் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பந்தயத்தில் முதலிடம் யாருக்கு என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. எனினும் காலத்தால் முந்திய பெயர் பாலுசுவாமியுடையது என்பதே பெரும்பாலோர் கருத்து. நம் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் நாமும் அவர் பக்கமே சாய்கிறோம்.

பிற்காலத்தில் சின்னசுவாமியும் பாலுசுவாமியும் சேர்ந்து தென்பாண்டிப் பகுதிகளுக்குச் சென்றனர். அங்கே மதுரையில் சின்னசுவாமி காலமானார். பார்வை குன்றிய அண்ணனுக்குத் துணையாய் நடந்த தம்பி தனியரானார். இராமேசுவர யாத்திரை சென்று திரும்பியவரை எட்டயபுரத்து அரசர் தம் சமஸ்தானத்து வித்துவானாக்கி ஆதரித்தார். திருவாரூரில் இருந்த முத்துசுவாமிக்கு ஒரு தம்பி மறைந்த செய்தியும் மற்றவர் இருக்குமிடம் தெரியாத கவலையும் தாளவில்லை. தேடிப் புறப்பட்டார். பாலுசுவாமி எட்டயபுரத்தில் இருப்பதும், அவருக்கு அங்கே திருமணம் நிகழவிருப்பதும் வழியில் தெரியவந்தன. சாத்தூரருகே வறண்டு வெடித்த கரிசல் பூமியைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணியில் அவர் பாட, மழை பொழிந்தது என்பது அந்தப் பயணத்தைப் பற்றிய வழிவழிச் செய்தி. மழையை நம்புவோர் நம்பட்டும். தம்பியின் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமலே நடந்து வந்த அண்ணனை நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

முத்துசுவாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளன்று எட்டயபுரத்திலேயே உயிர் நீத்தார். அவருடைய சமாதி அங்கே உள்ளது. மூன்று சகோதரரில் எஞ்சியவர் பாலுசுவாமி ஒருவரே. அண்ணனின் நூற்றுக்கணக்கான கீர்த்தனங்கள் அவருடைய மனத்திலும், சில சீடர்களின் மனத்திலும் மட்டுமே இருந்தன. அக்காலத்தில் சங்கீதம் அச்சேறுவதில்லை. பாடம் கேட்டவர் இறந்தால் பாட்டும் இறந்துவிடும். பாலுசுவாமிக்கு ஆண்மகவு இல்லை. எனவே தம் மகள் அன்னபூரணியின் மகனைச் சுவீகாரம் எடுத்து, தாமே பாடம் சொல்லி வளர்த்தார். 1839-இல் பிறந்த அப்பிள்ளையே பின்னாளில் சுப்பராம தீட்சிதர் எனப் புகழ்பெற்றவர். பாட்டனே தந்தையும் ஆசிரியருமானார். 1858-இல் பாலுசுவாமி மறைந்தபோது சுப்பராமருக்கு வயது இருபதைத் தொடவில்லை. அதற்குள் கொடுக்க வேண்டியதைக் கிழவர் கொடுத்து முடித்திருந்தார்.

கதை இத்துடன் நின்றுவிடவில்லை. நம்மவர் ஒருவர் இதற்குள் வருகிறார். சென்னையில் அரசாங்க உத்தியோகத்திலிருந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர், மேல்நாட்டுச் சங்கீதமும் நம் சங்கீதமும் கற்றவர். நம் கீர்த்தனங்கள் அழிந்துபோகாமல் காப்பதற்கு அவற்றை ஐரோப்பிய முறைப்படி ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதி அச்சிடுவதே வழி எனத் துணிந்து, 1893-ஆம் ஆண்டளவில் பகுதி பகுதியாக வெளியிட்டார். தியாகராஜரின் உருப்படிகளைப் பலரிடம் கேட்டு எழுதினார். தீட்சிதர் உருப்படிகளுக்குச் சுப்பராமரை நாடினார். இந்தப் பணியில் கைப்பொருள் கரைந்தது, கண்ணொளியும் குன்றியது. 1899-இல் எட்டயபுரத்தில் புதிய அரசர் முடிசூடியபோது, உடல் தளர்ந்த நிலையிலும் அங்கே பயணம் செய்து, சுப்பராமரிடமுள்ள செல்வம் முழுவதையும் அச்சேற்றும்படி அரசரிடம் மன்றாடினார். சுப்பராமருக்கு முதலில் மனமில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்ததைக் கடைத்தெருவில் வைப்பதா என்ற தயக்கம் அவருக்கு இருந்திருந்தால், அதில் வியப்பில்லை. அரசர் கேட்டுக்கொள்ள, இசைந்தார்.

சின்னசாமி முதலியார் அந்த நூலைக் காணவில்லை, 1901-இல் இறந்தார். ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. ஏறக்குறைய 1,700 பக்கங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்கள் கமகக் குறிகளோடு அதில் உள்ளன. குடும்பத்தாரின் வரலாறும், மணலியும், முதலியார்களும் அதில் உள்ளனர். சுப்பராமர் 1906-இல் மறைந்தார். அவரிடமிருந்து அந்த ஏடுகளை வாங்க ஒரு கிறிஸ்தவர் கண்ணிழந்தார் என்பதை நம் பாடகர் குழுவினரில் எத்தனை பேர் அறிவர்? நாமே குருவான பிறகுதான் அறிந்தோம்.

சென்ற மாதம் ஒரு வேலையாக மணலி வழியே போனபோது, நெரிசலில் வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் இத்தெருக்களில் எங்கோ ஒரு திண்ணையில், வீணை பழகிய கை ஒன்று வில்லை அடியிலிருந்து நுனிக்கும் நுனியிலிருந்து அடிக்கும் இழுத்துக்கொண்டிருந்தது என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. அறைவீட்டுக்குத் திரும்பியபோது இரவு ஒன்பது மணி. மேல்மாடத்தில் விளக்கெரிந்தது. படியேறிப் பார்த்தோம். மின்நிலையத்துத் தம்பி மட்டுமல்லாமல், நின்றுவிட்டவர்களில் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். தம் முறைக்குக் காத்திருந்தார். நாம் ஏதும் கேட்கவில்லை. அவர்கள் எழுந்து போனபின் வில்லை நாமே எடுத்து, கீழ்த்தந்தியில் ஒரு முறை இழுத்துப் பார்த்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதல்லவா, கரகரத்தது.

வில்லில் மயிர் நிறைய அறுந்திருக்கிறது. ஜூபிலித் திருவிழாவுக்குள் புதுமயிர் கட்டித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.